பால் இறங்கும் முன்னே

மாடு கன்று போட்ட வீட்டிலிருந்து அக்கம்பக்கத்துக்குச் சீம்பால் போகும். வெல்லத்தைத் தட்டிப் போட்டு, ஏலக்காய் சேர்த்து அடுப்பில் வைத்தால் போதும். உறை ஊற்ற வேண்டாம், எலுமிச்சை பிழிய வேண்டாம்; தானே திரண்டு கட்டியாகிவிடும். அதே மாட்டின் பாலைச் சில வாரம் கழித்து எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் இப்படி ஆகாது. பொங்கும், ஏடு படியும், சுண்டும்; கட்டியாக உறையாது.

காரணம் புரதத்தில் இருக்கிறது. சாதாரணப் பாலின் புரதத்தில் பெரும்பங்கு கேசீன். அது கொதிக்கும் சூட்டைத் தாங்கும். சீம்பாலில் கேசீனுக்குப் போட்டியாக இம்யூனோகுளோபுலின்கள், அதாவது நோய்க்கிருமிகளைப் பிடிக்கும் எதிர்ப்பொருள்கள், ஏராளமாக இருக்கின்றன. சூடு பட்டால் இவை முறுக்கவிழ்ந்து, ஒன்றோடொன்று பின்னி, முட்டையின் வெள்ளைக்கரு போல இறுகிவிடும். நாம் இனிப்பாகச் சாப்பிடுவது பசு தன் கன்றுக்காகச் சேர்த்து வைத்த நோய்த்தடுப்பை.

கன்றுக்கு அது உயிர் காக்கும் பொருள். பசுவின் நஞ்சுக்கொடி தாயின் எதிர்ப்பொருள்களைக் கருவுக்குக் கடத்துவதில்லை. அதனால் கன்று ஏறக்குறைய வெறுங்கையோடு பிறக்கிறது. முதல் சில மணி நேரம் அதன் குடல் எதிர்ப்பொருள்களை முழுசாக உறிஞ்சி இரத்தத்தில் சேர்க்கும். சுமார் 24 மணி நேரத்தில் அந்த வழி அடைபட்டுவிடும். “நஞ்சுக்கொடி விழட்டும், அப்புறம் கன்றை ஊட்ட விடலாம்” என்று காத்திருக்க வேண்டாம் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

மாட்டுத் தொழுவத்தில் சீம்பாலின் அருமை தெரிந்த குடும்பங்களில்கூட, பிரசவ அறையில் கதை வேறு மாதிரி நடந்திருக்கிறது. தாயின் மார்பில் முதலில் ஊறும் கெட்டியான மஞ்சள் திரவத்தைப் பீய்ச்சிக் கீழே விட்டுவிட்டு, “நல்ல பால்” வந்தபின் ஊட்டச் சொன்ன பாட்டிமார் பல ஊர்களில் இருந்தார்கள். இப்போது அப்படிக் கீழே விடுவோர் குறைவு. ஆனால் பிரசவ வார்டில் ஒரு வாக்கியம் மட்டும் இன்னும் ஒலித்துக்கொண்டே இருக்கிறது: “இன்னும் பால் வரலை.” சீம்பாலைப் பாலாகக் கணக்கில் சேர்க்காத பழைய எண்ணம்தான் இது. குழந்தை பிறந்த முதல் மூன்று நாளில் வருவது போதாத பால் என்று நினைப்பதால்தான் பயமும், பவுடர் டப்பாவும், அதன்பின் உண்மையான பால் பற்றாக்குறையும் வருகின்றன. அது குறைவாக வரும்படியே அமைந்தது. ஏன் அப்படி என்று புரிந்துகொண்டால் முதல் வாரத்தின் பாதிப் பதற்றம் தீர்ந்துவிடும்.

குன்றிமணியும் சுண்டெலியும்

தாய்ப்பால் வழியாக நோய்த்தடுப்பு கடக்கிறது என்பதை முதலில் சோதனையால் காட்டியவர் ஜெர்மானிய அறிவியலாளர் பால் எர்லிக். ஆண்டு 1892. அவர் கையாண்ட நஞ்சுகள் இரண்டும் நமக்கு நன்கு தெரிந்த விதைகளிலிருந்து வந்தவை: குன்றிமணியிலிருந்து எடுத்த ஆப்ரின், ஆமணக்கு விதையிலிருந்து எடுத்த ரைசின். பெண் சுண்டெலிகளுக்கு இந்த நஞ்சைச் சிறுகச் சிறுகக் கொடுத்து, அவை தாங்கும்படி பழக்கினார். அவற்றின் குட்டிகளும் சில வாரங்களுக்கு நஞ்சைத் தாங்கின.

இது வயிற்றிலிருக்கும்போதே வந்ததா, பாலில் வந்ததா? எர்லிக் குட்டிகளை மாற்றி வைத்தார். நஞ்சுக்குப் பழகாத தாய் ஈன்ற குட்டிகளைப் பழகிய தாயிடம் பால் குடிக்க விட்டார். அந்தக் குட்டிகளுக்கும் பாதுகாப்பு கிடைத்தது. பாலில் ஏதோ இருக்கிறது என்பது அன்று உறுதியானது. நோயெதிர்ப்பு ஆய்வுகளுக்காக 1908-இல் எர்லிக், மெச்னிகாஃப் இருவருக்கும் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

சுண்டெலிக் குட்டியின் குடலும் கன்றின் குடலைப் போலவே எதிர்ப்பொருளை உறிஞ்சி இரத்தத்தில் சேர்க்கிறது. மனிதக் குழந்தையின் கதை இங்கே பிரிகிறது. நம் நஞ்சுக்கொடி, கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாயின் ஐஜிஜி வகை எதிர்ப்பொருள்களைக் குழந்தையின் இரத்தத்துக்குத் தாராளமாகக் கடத்துகிறது. ஆகவே நிறைமாதக் குழந்தை கன்றைப் போல வெறுங்கையோடு பிறப்பதில்லை. அப்படியென்றால் சீம்பால் எதற்கு?

இரத்தத்துக்குக் காவல் இருக்கிறது. குடலுக்கும் தொண்டைக்கும் இல்லை. பிறந்த நொடியிலிருந்து கிருமிகள் நுழைவது வாய் வழியாகவும் மூக்கு வழியாகவும்தான். 1961-இல் சுவீடனின் லார்ஸ் ஹான்சன், தாய்ப்பாலில் உள்ள எதிர்ப்பொருள் இரத்தத்தில் உள்ளதைப் போன்றதல்ல, தனி வகை என்று கண்டறிந்தார். சுரப்பு ஐஜிஏ என்று இப்போது அழைக்கப்படும் அது, வயிற்றில் எளிதில் செரிக்காதபடி அமைந்திருக்கிறது. இரத்தத்தில் சேர்வது அதன் வேலையல்ல. குடலின் உட்சுவரை ஒட்டி நின்று, கிருமிகள் சுவரைத் தொடுவதற்கு முன்பே பிடித்துக் கட்டி, மலத்தோடு வெளியேற்றிவிடும். முதல் நாள் சீம்பாலில் இது லிட்டருக்குப் பத்து கிராம் அளவுக்குக்கூட இருக்கலாம். சில வாரங்களில் ஒரு கிராம் அளவுக்கு இறங்கிவிடும்.

இந்த ஐஜிஏ எந்தக் கிருமிக்கு எதிரானது என்பதும் தற்செயலானதல்ல. தாய் உண்ணும், பருகும், சுவாசிக்கும் இடத்தின் கிருமிகளைத் தாயின் குடலிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள எதிர்ப்புச் செல்கள் அடையாளம் காண்கின்றன. அந்தச் செல்களில் ஒரு பகுதி இரத்தம் வழியாகப் பயணித்து மார்பகத்தில் வந்து தங்கி, அதே கிருமிகளுக்கான எதிர்ப்பொருளைப் பாலில் விடுகின்றன. எந்த வீட்டில் குழந்தை வளரப்போகிறதோ, அந்த வீட்டின் கிருமிகளுக்கே பால் தயாராகிறது.

சீம்பாலைக் குழந்தையின் “முதல் தடுப்பூசி” என்று சுவரொட்டிகள் சொல்லும். நெருங்கிப் பார்த்தால் இரண்டும் வேறு. தடுப்பூசி, குழந்தையின் உடலுக்கே எதிர்ப்பொருள் செய்யக் கற்றுத்தருகிறது. அதற்கு வாரங்கள் ஆகும். சீம்பால் தயாரான எதிர்ப்பொருளை அப்போதே தருகிறது. ஊட்டுவது நின்றால் அந்தக் காவலும் நிற்கும். ஆகவே சீம்பால் கொடுத்தோம் என்பதற்காகத் தடுப்பூசியைத் தள்ளிப்போட முடியாது, தடுப்பூசி இருக்கிறதே என்று சீம்பாலை விடவும் முடியாது.

துளிக்குள் என்ன இருக்கிறது?

பின்னால் வரும் பாலோடு ஒப்பிட்டால் சீம்பாலில் கொழுப்பும் பால்சர்க்கரையான லாக்டோஸும் குறைவு. புரதமும் உப்புகளும் கூடுதல். மஞ்சள் நிறம் கரோட்டின் வகைச் சத்துகளால் வருகிறது. வைட்டமின் ஏ-யும் செறிவாக இருக்கிறது. பழைய பால் கெட்டுப்போய் மஞ்சளித்துவிட்டது என்ற பயத்துக்கு இடமில்லை. சிலருக்கு இது தண்ணீர்போலத் தெளிவாகவும் வரும், அதுவும் சீம்பால்தான்.

இரும்பைப் பற்றிக்கொள்ளும் லாக்டோஃபெரின் என்ற புரதம் இதில் நிறைய. பல பாக்டீரியாக்கள் பெருக இரும்பு தேவை. அது கைக்கு எட்டாமல் போனால் அவை பட்டினி கிடக்கும். ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் லட்சக்கணக்கில் உயிருள்ள வெள்ளணுக்கள் வருகின்றன. பிறந்த குழந்தையின் குடற்சுவர் இன்னும் முதிராதது; அதன் செல்களை வளர்த்து இறுக்கும் வளர்ச்சிக் காரணிகளும் உடன் வருகின்றன.

இவற்றையெல்லாம்விட விந்தையானது ஒரு சர்க்கரைக் கூட்டம். லாக்டோஸ், கொழுப்பு இரண்டுக்கும் அடுத்தபடியாகத் தாய்ப்பாலில் அதிகமுள்ள திடப்பொருள் ஒலிகோசாக்கரைடுகள் எனும் கூட்டுச் சர்க்கரைகள். நூற்றைம்பதுக்கு மேற்பட்ட வகைகள் கண்டறியப்பட்டிருக்கின்றன. சீம்பாலில் இவை மேலும் செறிவு. இவற்றைக் குழந்தையால் செரிக்கவே முடியாது. செரிக்க முடியாத ஒன்றைத் தாயின் உடல் இவ்வளவு செலவழித்து ஏன் செய்கிறது?

1950-களில் பால் ஜியார்ஜி, ரிச்சர்ட் கூன் ஆகியோரின் ஆய்வுகள் விடையைக் காட்டின. இந்தச் சர்க்கரைகள் பிஃபிடோபாக்டீரியா என்ற நற்பாக்டீரியாவின் உணவு. தாய் ஊட்டுவது குழந்தைக்கு மட்டுமல்ல, குழந்தையின் குடலில் குடியேற வேண்டிய நுண்ணுயிர்களுக்கும் சேர்த்து. அவை குடலில் அமிலத்தன்மையைக் கூட்டி, தீய பாக்டீரியாக்கள் பெருகாமல் தடுக்கின்றன. கூடவே, சில நோய்க்கிருமிகள் குடற்சுவரில் பற்றிக்கொள்ளத் தேடும் சர்க்கரை வடிவங்களை இந்தக் கூட்டுச் சர்க்கரைகள் ஒத்திருப்பதால், கிருமிகள் இவற்றையே பிடித்துக்கொண்டு சுவரைத் தொடாமல் வெளியேறிவிடுகின்றன.

இன்னொரு வேலையும் உண்டு. சீம்பால் மெல்லிய மலமிளக்கி. கருவிலேயே குடலில் சேர்ந்த கரும்பச்சையான, பிசுபிசுப்பான முதல் மலத்தை அது வெளியே தள்ளுகிறது. அந்த மலத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி இருக்கிறது. தங்கிவிட்டால் அது மீண்டும் இரத்தத்துக்குத் திரும்பும், மஞ்சள் காமாலை கூடும். அடிக்கடி சீம்பால் குடித்து, அடிக்கடி மலம் கழித்தால் அந்த அபாயம் குறைகிறது.

ஏன் இவ்வளவு கொஞ்சம்?

மார்பகம் குழந்தை பிறந்தபின் வேலையைத் தொடங்குவதில்லை. கர்ப்பத்தின் நடுப்பகுதியிலேயே சீம்பால் உருவாகத் தொடங்கிவிடுகிறது. புரோலாக்டின் என்ற ஹார்மோன் பாலைச் சுரக்கச் சொல்லிக்கொண்டே இருக்க, நஞ்சுக்கொடியிலிருந்து வரும் புரோஜெஸ்டிரான் “இப்போது வேண்டாம்” என்று அதை அடக்கி வைக்கிறது. பிரசவத்தில் நஞ்சுக்கொடி வெளியேறியதும் புரோஜெஸ்டிரான் சரிகிறது, தடை நீங்குகிறது.

தடை நீங்கினாலும் மார்பகச் செல்கள் முழு உற்பத்திக்கு மாறச் சுமார் 30 முதல் 40 மணி நேரம் பிடிக்கிறது. அதுவரை பால் செல்களுக்கு நடுவே இடைவெளிகள் திறந்திருக்கும். தாயின் இரத்தத்திலிருந்து உப்புகளும் பெரிய புரதங்களும் எளிதாகப் பாலுக்குள் வர அவை வழிவிடுகின்றன. பிறகு இடைவெளிகள் மூடுகின்றன, லாக்டோஸ் பெருகுகிறது, லாக்டோஸ் தன்னோடு தண்ணீரை இழுக்கிறது, பாலின் அளவு ஏறுகிறது. மார்பு கனத்து, இறுகி, “பால் இறங்கிவிட்டது” என்று தாய் உணர்வது பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள். நஞ்சுக்கொடி போனதே இதற்கான விசை என்பதால் சிசேரியன் ஆன தாய்க்கும் இதே மாற்றம்தான் நடக்கும். சற்றுத் தாமதமாகலாம், அவ்வளவே. முதல் பிரசவம், சர்க்கரை நோய், கூடுதல் உடல் எடை, பிரசவத்தில் மிகுந்த இரத்தப்போக்கு ஆகியவையும் தாமதப்படுத்தக்கூடும்.

முதல் 24 மணி நேரத்தில் ஒரு முறைக்குக் குழந்தை குடிப்பது 2 முதல் 10 மி.லி. வரைதான். இரண்டாம் நாள் 5 முதல் 15, மூன்றாம் நாள் 15 முதல் 30, நான்காம் நாள் 30 முதல் 60 மி.லி. என்று படிப்படியாக ஏறும். ஐந்தாம் நாளில் மொத்த உற்பத்தி அரை லிட்டரைத் தொடலாம். பிறந்த குழந்தையின் இரைப்பை சுமார் 20 மி.லி. கொள்ளும் என்பது ஒரு மதிப்பீடு. முதல் நாள் துளிகள் அந்த இடத்துக்கு ஏற்றவை. குழந்தை உடலில் கூடுதல் நீரோடும், கல்லீரலில் சேமித்த சர்க்கரையோடும், தோலடிக் கொழுப்போடும் பிறக்கிறது. உறிஞ்சவும் விழுங்கவும் மூச்சுவிடவும் ஒரே நேரத்தில் பழக வேண்டிய அந்த நாள்களில் சிறிய அளவு அதற்கு வசதி.

அந்த இடத்தில் 30 மி.லி. பவுடர் பாலை ஊற்றினால் குழந்தை அசந்து தூங்கும். வீட்டார் “பாத்தியா, பசிதான்” என்று நிம்மதி அடைவார்கள். அடுத்த இரண்டு வேளை அது மார்பைத் தேடாது. அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

கேட்டால்தான் கிடைக்கும்

முதல் இரண்டு நாள் மாற்றம் ஹார்மோன் தானாகவே நடத்துவது. அதன்பின் பாலின் அளவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஒன்றே ஒன்று: மார்பு எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு முழுமையாகக் காலியாகிறது என்பது. குழந்தை சப்பும்போது மார்க்காம்பிலிருந்து மூளைக்குச் செய்தி போகிறது. புரோலாக்டின் பால் செய்யச் சொல்கிறது. ஆக்சிடோசின் பால் பைகளைச் சுற்றியுள்ள நுண்தசைகளைச் சுருக்கிப் பாலை வெளியே தள்ளுகிறது. அதே ஆக்சிடோசின் கருப்பையையும் சுருக்கி இரத்தப்போக்கைக் குறைக்கிறது. ஊட்டும்போது அடிவயிற்றில் சுரீரென்று இழுப்பது அதனால்தான்.

மார்புக்குள் பால் தேங்கினால் அந்த மார்பு மட்டும் உற்பத்தியைக் குறைக்கும். ஒரு பக்கம் மட்டும் அடிக்கடி ஊட்டினால் அந்தப் பக்கம் பெருகி மறுபக்கம் குறைவது இதற்குச் சான்று. பூண்டுப் பாலும் சுறாப்புட்டும் தாயின் உடம்புக்கு நல்லவை, சாப்பிடட்டும். ஆனால் எடுக்கப்படாத பாலை எந்தப் பத்தியமும் பெருக்காது.

இரண்டாம் நாள் இரவு பல குழந்தைகள் விடாமல் அழும், மணிக்கொரு முறை மார்பைக் கேட்கும், குடித்துக் கீழே விட்டதும் மறுபடி கேட்கும். மருத்துவமனையில் உறவினர்கள் கூடி “பால் பத்தலை” என்று தீர்ப்புச் சொல்லும் இரவு பெரும்பாலும் இதுதான். உண்மையில் அது குழந்தை அடுத்த நாளுக்கான பாலுக்குச் சொல்லி வைக்கும் இரவு. அன்று புட்டி உள்ளே வந்தால், மார்பில் பால் தேங்கும், சுரப்பு குறையும், “பத்தலை” என்ற பேச்சு தன்னைத் தானே உண்மையாக்கிக்கொள்ளும்.

முதல் மணி நேரம்

பிறந்த குழந்தையைத் துடைத்து, தாயின் வெறும் மார்பின் மேல் குப்புறப் படுக்க வைத்துவிட்டால் என்ன செய்யும்? 1980-களின் இறுதியில் சுவீடனின் ஆன்-மரி விட்ஸ்ட்ரோமும் அவருடன் பணிபுரிந்தவர்களும் கவனித்து எழுதினார்கள். சற்று நேரம் ஓய்ந்திருக்கும்; கையை வாய்க்குக் கொண்டுபோகும்; நாக்கை நீட்டும்; கால்களை உந்தி மெல்ல நகரும்; ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் தானே காம்பைக் கண்டுபிடித்துப் பற்றிக்கொள்ளும். பிரசவத்துக்குப் பின் குழந்தை நன்றாக விழித்திருப்பது அந்த முதல் மணி நேரம்தான். பிறகு ஆழ்ந்து தூங்கிவிடும். குளிப்பாட்டுவது, எடை பார்ப்பது, உறவினர் கைமாறுவது எல்லாம் பின்னால் நடக்கலாம்.

தாமதத்துக்கு விலை உண்டா? கானாவின் கிராமப்புறத்தில் 10,947 குழந்தைகளைத் தொடர்ந்து 2006-இல் வெளியான ஆய்வு, எல்லாருக்கும் முதல் மணி நேரத்திலேயே ஊட்டியிருந்தால் பச்சிளம் குழந்தை மரணங்களில் 22 சதவீதத்தைத் தவிர்த்திருக்கலாம் என்று கணக்கிட்டது. கானா, தான்சானியா, இந்தியா ஆகிய நாடுகளில் ஏறத்தாழ ஒரு லட்சம் குழந்தைகளைப் பற்றிய 2016-ஆம் ஆண்டு ஆய்விலும் இதே போக்கு: 2 முதல் 23 மணி நேரம் தாமதமானால் முதல் 28 நாளில் இறக்கும் அபாயம் 41 சதவீதம் கூடுதல்; 24 முதல் 96 மணி நேரம் என்றால் 79 சதவீதம். இவை கவனித்துக் கணக்கிட்ட ஆய்வுகள். நலிந்து பிறந்த குழந்தை ஊட்டத் தாமதமாவதும் இயல்பு என்பதால் எண்களை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். அபாயம் கூடிய குழந்தைகளை விலக்கிக் கணக்கிட்டபோதும் கானாவில் போக்கு மாறவில்லை என்பதுதான் அவற்றின் பலம். முதல் மணி நேரத்தில் தொடங்கு, ஆறு மாதம் வேறெதுவும் வேண்டாம், இரண்டு வயதும் அதற்கு மேலும் தொடரலாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 88.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடந்தன. ஆனால் முதல் மணி நேரத்தில் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் 41.8 சதவீதமே. தமிழ்நாட்டில் மருத்துவமனைப் பிரசவம் 99.6 சதவீதம், முதல் மணி நேரத்து ஊட்டல் ஏறத்தாழ 60 சதவீதம். இங்கே சிசேரியன் 44.9 சதவீதம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதுகுத்தண்டில் மயக்க ஊசி போட்டுச் செய்யும் சிசேரியனில் தாய் விழித்தே இருக்கிறார். அறுவை அரங்கிலேயே குழந்தையை மார்பில் வைக்க முடியும். தடையாக நிற்பது பெரும்பாலும் பழக்கமும் ஆள் பற்றாக்குறையும்தான். ஆக, மருத்துவமனை வாசலைத் தாண்டி வந்தபின்னும் சீம்பால் குழந்தையின் வாய்க்குச் சேர இன்னொரு படி மீதமிருக்கிறது.

பழைய சந்தேகம்

சீம்பாலைச் சந்தேகித்தது நாம் மட்டுமல்ல. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் புகழ்பெற்றிருந்த கிரேக்க மருத்துவர் சொரானஸ், பெற்ற தாயின் முதல் பால் கெட்டியானது, செரிக்காது என்று சொல்லி, சில நாள் தேன் கொடுக்கவும் வேறொரு பெண்ணிடம் பால் குடிக்க விடவும் பரிந்துரைத்தார். சுசுருத சங்கிதையும் தாய்ப்பால் மூன்று நான்கு நாள் கழித்தே பெருகும் என்று சரியாகக் கவனித்து, அதுவரை தேனும் நெய்யும் சொன்னது. கவனிப்பு சரி, முடிவு தவறு. ஐரோப்பாவில் இந்த எண்ணத்தை வலுவாக எதிர்த்தவர்களில் ஒருவர் பிரிட்டிஷ் மருத்துவர் வில்லியம் கடோகன். முதல் பாலே குழந்தையின் குடலைச் சுத்தம் செய்யும் என்று 1748-இல் எழுதினார்.

நம்மூரில் சேனை வைப்பது என்றொரு வழக்கம். குடும்பத்தில் நற்குணமுள்ள பெரியவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ குழந்தையின் நாவில் தொட்டு வைப்பார். அவர் குணம் குழந்தைக்கு வரும் என்பது நம்பிக்கை. சில ஊர்களில் கழுதைப்பால் சங்கில் ஊற்றுவார்கள். ஆசை நல்லதுதான். ஆனால் தேனில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். பெரியவர் குடல் அதைச் சமாளிக்கும், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் அது முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை விடக்கூடும். காய்ச்சாத கழுதைப்பால் கிருமிகளுக்கு வாசல். நல்ல குணம் வேண்டுமென்றால் அந்தப் பெரியவர் குழந்தையைத் தூக்கி வைத்துத் தாயைத் தூங்க விடட்டும்.

வாயும் காம்பும்

பால் கிடைக்கிறதா என்பதில் பாதி, குழந்தை எப்படிப் பற்றுகிறது என்பதில் இருக்கிறது. காம்பை மட்டும் கவ்வினால் தாய்க்கு வலி, வெடிப்பு. குழந்தைக்குப் பால் வராது. வாய் அகலத் திறந்து, கீழுதடு வெளிப்புறம் மடங்கி, முகவாய் மார்பில் ஒட்டி, காம்பைச் சுற்றியுள்ள கரிய பகுதியில் பெரும்பங்கு வாய்க்குள் போயிருக்க வேண்டும். மேலே தெரியும் கரும்பகுதி கீழே தெரிவதைவிட அதிகமாக இருக்கும். குழந்தையின் தலையும் உடலும் ஒரே நேர்கோட்டில், வயிறு தாயின் உடலோடு ஒட்டியபடி. சிசேரியன் தையல் வலித்தால் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டோ, குழந்தையைக் கக்கத்துக்கடியில் இடுக்கியபடியோ ஊட்டலாம்.

ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை, இரவிலும் சேர்த்து. கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். தலையைத் திருப்பித் தேடுவது, கையைச் சப்புவது, நாக்கை நீட்டுவது எல்லாம் பசியின் அறிகுறிகள். அழுகை கடைசி அறிகுறி. வீறிட்டு அழும் குழந்தையால் சரியாகப் பற்ற முடியாது.

குறைமாதக் குழந்தையோ, தனி வார்டில் வைக்கப்பட்ட குழந்தையோ சப்ப முடியாவிட்டால், பிரசவமான சில மணி நேரத்துக்குள்ளேயே சீம்பாலைக் கையால் பீய்ச்சத் தொடங்க வேண்டும். கெட்டியான சில மி.லி. சீம்பாலை எடுக்க முதல் நாள்களில் பம்பைவிடக் கையே மேல். அதைப் பாலாடையிலோ சிறு கரண்டியிலோ ஊட்டலாம். தாயின் பால் கிடைக்கவே வழியில்லாத குறைமாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் வங்கிகள் இருக்கின்றன. இந்தியாவின் முதல் வங்கியை மும்பை சயான் மருத்துவமனையில் 1989-இல் மருத்துவர் ஆர்மிடா ஃபெர்னாண்டஸ் தொடங்கினார்.

எதை அளப்பது?

மார்பில் அளவுக்கோடு இல்லை. அதனால்தான் புட்டியின் கோடுகள் மனத்தை மயக்குகின்றன. உள்ளே போனதைப் பார்க்க முடியாவிட்டாலும் வெளியே வருவதை எண்ணலாம். முதல் நாள் ஒரு முறையாவது சிறுநீர், இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று. ஐந்தாம் நாளிலிருந்து ஆறு முறையோ அதற்கு மேலோ. மலம் கரும்பச்சையில் தொடங்கி, பச்சையாகி, நான்கைந்து நாளில் மஞ்சளாக இளகிப் போக வேண்டும். பிறந்த எடையில் 7 சதவீதம் வரை குறைவது இயல்பு. பத்து முதல் பதினான்கு நாளில் பிறந்த எடை திரும்பிவிடும். எடை 10 சதவீதத்தை நெருங்கிக் குறைந்தால் ஊட்டுவதை மருத்துவர் நேரில் பார்க்க வேண்டும்.

சீம்பால் உயர்வானது என்பதற்காகக் குழந்தையைப் பட்டினி போட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். எழுப்பினாலும் எழாத மந்தம், சிறுநீரே போகாமை, ஐந்தாம் நாளும் கரிய மலம், கால்வரை பரவும் மஞ்சள், காய்ச்சல் அல்லது உடல் குளிர்ந்துபோதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். சர்க்கரை நோயுள்ள தாயின் குழந்தைக்கும், எடை குறைந்து பிறந்த குழந்தைக்கும் இரத்தச் சர்க்கரை இறங்கலாம்; அங்கே மருத்துவர் கூடுதல் பால் சொன்னால் அது சிகிச்சை. அப்போதும் முதல் தேர்வு தாய் பீய்ச்சிய பால்தான். காலாக்டோசீமியா போன்ற அரிய பிறவிக் குறைபாடுள்ள குழந்தைக்குத் தாய்ப்பாலே ஆகாது. எவ்வளவு முயன்றும் போதிய பால் வராத தாய்மார் சிலர் உண்டு. அது உடலின் நிலை. அவர்கள் மேல் குற்றமில்லை.

பால் பவுடர், புட்டி விளம்பரங்களையும் மருத்துவமனைகளில் இலவச மாதிரிகள் கொடுப்பதையும் இந்தியா 1992-இல் சட்டம் போட்டுத் தடை செய்தது. வார்டில் படுக்கையைச் சுற்றி நடக்கும் பேச்சை எந்தச் சட்டமும் தடுக்காது. பிரசவித்த பெண்ணின் காதில் விழும்படி “பால் வருதா?” என்று ஒவ்வொருவராகக் கேட்பது அந்தப் பேச்சிலேயே மோசமானது. பயமும் வலியும் ஆக்சிடோசினைத் தடுத்து, இருக்கும் பாலையும் வெளிவராமல் செய்யும். பார்க்க வருகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி “குழந்தை எத்தனை தடவை ஒண்ணுக்குப் போச்சு?” என்பது. அதற்கான பதிலைக் கணவர் எழுதி வைத்திருக்கட்டும், தாயிடம் கேட்கக்கூட வேண்டியதில்லை. மாமியாரும் அம்மாவும் தாய்க்குச் சாப்பாடும் தண்ணீரும் தூக்கமும் தருவதைப் பார்த்துக்கொள்ளட்டும். மூன்று நாளைக்குத் தாயின் வேலை ஒன்றுதான்: குழந்தை கேட்கும்போதெல்லாம் மார்பில் வைப்பது. மற்ற எல்லா வேலையும் மற்றவர்களுடையது.